புதுச்சேரியில் மழை பெய்த நாட்கள்

மார்புக்குள் ஒரு புறா இருக்கிறது, காலை பத்து மணியானால் சிறகடிக்கிறது என்று நான் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சீட்டில் ‘படபடப்பு’ என்று எழுதினார். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மார்பில் ஏதாவது வந்தால் அவளை மலையடிவாரத்தில் ஓர் ஓய்வில்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று அத்தியாயம் இருமிக்கொண்டிருப்பாள்.

“மனசுல என்ன ஓடுதுன்னு தினம் எழுதிப் பாரும்மா,” என்றார் டாக்டர். “இப்பல்லாம் ஃபோன்லயே இருக்கு. நாம எழுதுனதப் படிச்சிட்டு, எதனால இப்படி ஆவுதுன்னு அதுவே சொல்லுதாம்.”

அன்று மாலையே வீட்டுக்குப் போகிற குரும்பகரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஒரு நாட்குறிப்புச் செயலியை இறக்கினேன். செயற்கை நுண்ணறிவு, தமிழ் தெரியும் என்று போட்டிருந்தது. முதலில் என் ஊரைக் கேட்டது. பட்டியலில் காரைக்கால் இல்லை, புதுச்சேரி இருந்தது. எந்தப் பட்டியலிலும் நாங்கள் இருப்பதில்லை. நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தலைநகரத்தின் பெயரைப் போட்டுத்தான் எங்களுக்குப் பார்சல்கூட வரும். பழக்கதோஷத்தில் புதுச்சேரியைத் தொட்டேன். ‘நீங்கள் இருக்கும் இடத்தை நான் பார்க்கலாமா?’ என்று கேட்டது. வேண்டாம் என்றேன். பெண் என்றால் ஒரு மர்மம் வேண்டும்.

தனக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. நீளமான அயல்நாட்டுப் பெயர்களாக இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கடைசியில் தையல்நாயகி என்று வைத்தேன். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் நம்பியவள் அவள்.

செயலியும் அப்படியே நம்பியது.

‘இன்று என் ஆன்மா ஆளில்லாத ஒரு ரயில் நிலையத்தில் தனியே நின்றது’ என்று எழுதினேன். ‘ரயில் தாமதமானது வருத்தம்தான். அடுத்த முறை நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளலாமே?’ என்றது தையல்நாயகி.

‘புறா இன்றும் சிறகடித்து அடித்து ஓய்ந்தது’ என்று எழுதினேன். ‘உங்கள் புறாவுக்கு இன்று இரை கிடைத்ததா?’ என்றது.

மனம் லேசாக இருந்த ஒரு நாளில், ‘இன்று வானம் என்னை மன்னித்துவிட்டது’ என்று எழுதினேன். ‘மகிழ்ச்சி. என்ன தவறு செய்திருந்தீர்கள்?’ என்றது.

அலுவலகத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அரசுத் துறை ஒன்றின் காரைக்கால் கிளையில் நான் எழுத்தர். எதிர் மேசையில் ஷஃபீனாக்கா. எங்கள் அதிகாரி திருஞானசம்பந்தம் சார் புதுச்சேரிக்காரர். அங்கே ஒரு நாற்காலி, இங்கே கூடுதல் பொறுப்பாக இன்னொரு நாற்காலி. என்றைக்கு வருவார் என்று சொல்ல மாட்டார். கிழமை தெரிந்தால் நாங்கள் தயாராகிவிடுவோமாம். ஆனால் அவருடைய டிரைவர் மாறன் நல்ல மனிதர். கடற்கரைச் சாலையில் பாலம் தாண்டி, எங்கள் மாவட்டம் ஆரம்பிக்கிற பூவத்தில், டீ குடிக்க நிறுத்துகிற சாக்கில் ஷஃபீனாக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பெரும்பாலும் அப்போது மணி பத்து இருக்கும். பூவத்திலிருந்து எங்களிடம் வர இருபது நிமிடம். அதற்குள் சார் அறை ஜன்னலைத் திறந்து, முந்தைய தடவை அவர் கேட்டு நாங்கள் மறந்துபோன கோப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

சார் கத்துகிறவர் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார். பன்னிரண்டே முக்காலுக்கு என்னை உள்ளே கூப்பிட்டு, “கடைசியா இந்த ஒரு லெட்டர் மட்டும்மா,” என்பார். அந்தக் கடைசிக் கடிதம் மூன்று மணிக்கு முடியும். அதன்பின் டிபன் பாக்ஸைத் திறந்தால் சாதம் விறைத்திருக்கும். டீ குடித்துவிட்டு, சாதத்தை வழியில் நிற்கிற ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் போவேன். இதையெல்லாம் எந்த நாவலில் எழுதுவார்கள்? சார் இலக்கியத்துக்கு லாயக்கில்லாதவர் என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

நாற்பதாவது நாள் தையல்நாயகி ஓர் அறிக்கை தந்தது. படித்தபோது பஸ்ஸில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

‘உங்கள் மனநிலைக்கும் வானிலைக்கும் வலுவான தொடர்பு இருக்கிறது. பதினோரு மழை நாட்களில் பத்து நாட்கள் நீங்கள் அமைதியாக இருந்திருக்கிறீர்கள். வெயில் நாட்களில் பெரும்பாலும் படபடப்பு. நீங்கள் மழைக்கான மனம் கொண்டவர்.’

மழைக்கான மனம். இத்தனை வருடங்களாக இதை யாராவது சொல்வார்கள் என்றுதான் காத்திருந்தேன். ஆகஸ்ட் மாதத்தில் காரைக்காலில் பதினோரு நாள் மழை பெய்ததா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மாதம் நான் படித்த நாவலில் முந்நூறு பக்கத்துக்கு மழை பெய்தது. புத்தகத்தில் பெய்கிற மழைக்கும் தெருவில் பெய்கிற மழைக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. குடையை வேண்டுமானால் கேட்டிருக்கலாம்.

விதியும் சும்மா இருக்கவில்லை. மறுநாளே ஒரு சுற்றறிக்கை வந்தது. மாஹே அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இடம் காலி. மூன்று வருடம். விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

மாஹே கேரளக் கரையில் இருக்கிறது. எங்கள் அரசாங்கம்தான், ஆனால் வேறு கடல். விருப்பப்பட்டு அங்கே போனவர் என்று எங்கள் துறையில் யாரையும் எனக்குத் தெரியாது. போட்டதால் போனவர்கள்தான் எல்லோரும். ஆனால் அங்கே ஜூனில் ஆரம்பித்தால் மாதக்கணக்கில் மழை. நான் கணினியில் விருப்பக் கடிதத்தை அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுப் பைக்குள் வைத்தேன்.

வீட்டில் அம்மா பங்கஜவல்லி மாவாட்டிக்கொண்டே கேட்டாள்.

“எத்தினி வருஷம்?”

“மூணு.”

“எதுக்கு?”

“மழைக்கும்மா. எனக்கு மழைதான் ஒத்துக்குதாம்.”

அம்மா கிரைண்டரை நிறுத்தினாள். “மழையப் பாக்க அவ்ளோ தூரம் போவணுமா? ஐப்பசி வந்தா இங்கயே பேயும்ல? போன வருஷம் வயல்ல இடுப்பளவு நின்னுச்சே, அப்ப எங்க போயிருந்த?” என்றாள். பதில் வேண்டாம் என்பதுபோல் மறுபடி கிரைண்டரைப் போட்டாள். இரவு இரண்டு தோசை அதிகமாகத் தட்டில் விழுந்தது. கோபம் வந்தால் அவள் அப்படித்தான்.

புதன்கிழமை பூவத்திலிருந்து அழைப்பு வரவில்லை. பதினொரு மணிவரை பார்த்துவிட்டு, சார் வரமாட்டார் என்று அலுவலகமே கால் நீட்டி உட்கார்ந்தது. ஒரு மணிக்கு நானும் ஷஃபீனாக்காவும் மேசைகளைச் சேர்த்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் இறால் கொண்டுவந்திருந்தார். பாதியை என் தட்டில் தள்ளிவிட்டு, “என்னாடி, ரெண்டு நாளா மூஞ்சியில ஒரு வெளிச்சம்? மாப்ள பாத்துட்டாங்களா?” என்றார்.

மாஹேயைச் சொன்னேன். அவர் கையில் இறால் அப்படியே நின்றது.

“மாஹேக்குத் தானா எழுதிக் குடுக்குறியா? ஒனக்கு என்னா புடிச்சிருக்கு?”

“மழைக்கான மனசுக்கா எனக்கு.”

“நம்ம ஊட்டுக்காரரு கத்தார்ல கெடக்காரு. மழைன்னு ஒண்ணு உண்டாங்குறதையே மறந்துட்டாரு. அவரு போனா ஞாயம். ஒனக்கு யாரு சொன்னா இத?”

“தையல்நாயகி.”

“எந்தத் தெரு?”

போனை நீட்டினேன். வலது கையில் குழம்பு இருந்ததால் இடது கையின் சுண்டுவிரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். மழை நாட்களின் பட்டியலில் விரல் நின்றது.

“ஆகஸ்ட் பதிமூணு மழையா? அன்னைக்கு நான் லீவு போட்டு மாடியில கூழ்வத்தல் ஊத்துனேன் புள்ள. ஒரே வெயில்ல மொறுமொறுன்னு காஞ்சுது. ஒனக்குக்கூடக் கொண்டாந்து குடுத்தேனே.”

“குடுத்தீங்க.”

“இருவதாந்தேதி மழையா? அன்னைக்குப் பைப்புல தண்ணி வரலன்னு ஊரே கொடத்தத் தூக்கிட்டு அலைஞ்சுது. இது எந்த ஊரு மழைடி?”

நான் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். ஊர்: புதுச்சேரி.

ஷஃபீனாக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “அல்லாவே. அங்க மழை பேஞ்சா இங்க இவளுக்குக் குளுருதாம்.”

அழுகை வரும்போல் இருந்தது. நாற்பது நாள் எழுதியது அத்தனையும் நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளிப்போய் நனைந்திருக்கிறது. ஆனாலும் ஒன்று உறுத்தியது. “பதினொண்ணுல பத்து நாள் நான் நல்லா இருந்திருக்கேன்க்கா. அது நெசம். அது எப்புடி?”

அவர் சிரிப்பதை நிறுத்தினார். கையைக் கழுவிவிட்டு வந்து, என் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்தார். சாருடைய ஜீப் வந்த நேரம், போன நேரம் எழுதுகிற பதிவேடு. அதை எழுதுவதும் நான்தான். அலங்காரம் எதுவும் இல்லாமல், ‘வருகை 10.20, புறப்பாடு 4.15’ என்று நீல மையில் எழுதி வைத்திருப்பேன்.

“தேதியச் சொல்லு,” என்றார்.

நான் போனைப் பார்த்துச் சொல்ல, அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பதிமூன்று, ஜீப் வரவில்லை. இருபது, வரவில்லை. இருபத்தொன்று, வரவில்லை. பத்துத் தேதிகளும் வெறுமையாக இருந்தன.

“சாருக்கு சைனஸ்,” என்றார் ஷஃபீனாக்கா. “அங்க ரெண்டு தூத்தல் விழுந்தா மஃப்ளர் கட்டிக்கிட்டு ஊட்டுலயே படுத்துப்பாரு. மாறன் எத்தினி தடவ சொல்லியிருக்காரு.”

“பதினொண்ணாவது நாள்?”

“அந்த ஒரு நாளு அவரு கெளம்புன பொறவுதான் மழை வந்திருக்கும். வந்துட்டாருல்ல? அன்னைக்கும் ஒனக்குப் புறா அடிச்சிருக்கும்.”

நான் இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாளாக ஆன்மா, ரயில் நிலையம், வானம் என்று நான் எழுதியதைவிட, ஒரு ஜீப்பின் நாட்குறிப்புக்கு என்னைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது. பத்து மணிக்கு மாறனின் மிஸ்டு கால் வந்தால் புறா எழுந்துகொள்கிறது. ஒரு மணிக்கு அதற்கு இரை கிடைப்பதில்லை. தையல்நாயகி இரண்டாம் வாரமே அதைக் கேட்டது. நான்தான் பதில் சொல்லவில்லை.

“அப்படின்னாலும் மாஹேக்குப் போறது சரிதானக்கா? அங்க இந்த சார் இல்லியே.”

“அங்கயும் ஒரு சாரு இருப்பாருடி,” என்றார் ஷஃபீனாக்கா. “அங்க உள்ளவரு மழைக்குப் பயப்பட மாட்டாரு. தெனம் வருவாரு.”

கடிதம் பைக்குள்ளேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஷஃபீனாக்காவின் போன் ஒருமுறை மினுங்கி நின்றது. பூவம். புறா எழுந்துகொண்டது. ஜன்னலைத் திறந்து, கோப்பைத் தேடி எடுத்தோம். பத்து இருபதுக்கு சார் வந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டு, “கடைசியா இந்த ஒரு லெட்டர் மட்டும்மா,” என்றார்.

இரண்டு பத்தி எழுதினேன். மூன்றாவது பத்தியில் அவர் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆனது. நான் எழுந்து நின்றேன். நான் படித்த நாவல்களில் இந்த மாதிரி நேரத்தில் நாயகி பேசுகிற பேச்சு ஒரு பக்கம் வரும். எனக்கு ஒரு வரிதான் வந்தது.

“சார், சாப்பிட்டுட்டு வந்து முடிச்சுத் தர்றேன்.”

வெளியே ஷஃபீனாக்காவின் தட்டச்சு நின்றது. சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தை.

“மணி ஒண்ணா?”

“ஆமா சார்.”

“தெனம் இந்த நேரத்துக்கா சாப்பிடுவீங்க?”

“நீங்க வராத அன்னைக்கு சார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. சார் பேனாவை மூடி வைத்தார். ரொம்ப நேரம் மூடினார். “சரி, போய்ட்டு வாங்க,” என்றார். நான் கதவுவரை போனதும், “ஏம்மா, மாஹேக்கு யாரும் விருப்பம் எழுதிக் குடுக்கலியா? இன்னைக்குக் கடைசி நாள்,” என்றார்.

“இங்க யாரும் இல்ல சார்.”

“நீங்க சின்ன வயசு. போவலாமே?”

“மழை ஒத்துக்காது சார்.”

“எனக்குந்தாம்மா,” என்றார் அவர், முதல்முறையாக ஒரு மனிதரைப் போல. “சைனஸ்.”

ஷஃபீனாக்கா ஏற்கெனவே மேசைகளைச் சேர்த்திருந்தார். குழம்பு சிந்தாமலிருக்க டிபன் பாக்ஸுக்கு அடியில் வைக்கத் தாள் கேட்டார். பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் அவர் அதைக் கவனித்தார்.

“இது ஒன்னோட கையெழுத்தாச்சே. மேல கருவாட்டுக் கொழம்பு பட்டுருச்சே.”

“பரவால்லக்கா. கருவாட்டக் கொஞ்சம் தள்ளுங்க.”

மாலை பஸ்ஸில் போனை எடுத்தேன். வழக்கம்போல் ஒரு நீளமான வாக்கியம் மனதில் வந்து நின்றது. அதை எழுதாமல் போகவிட்டு இப்படி எழுதினேன்: ‘சார் வந்தார். பத்து மணிக்குப் படபடத்தது. ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். அதன்பின் படபடப்பு குறைவு. கத்தரிக்காயில் உப்புக் கொஞ்சம் தூக்கல்.’

தையல்நாயகி சற்று நேரம் யோசித்தது.

‘இன்று புதுச்சேரியில் நல்ல வெயில். ஆனாலும் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். வியப்பாக இருக்கிறது. என்ன காரணம்?’

சொல்ல நிறைய இருந்தது. முதலில் அமைப்புகளுக்குள் போய் ஊரை மாற்றப் பார்த்தேன். காரைக்கால் இன்னும் பட்டியலில் இல்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை அங்கே மழை வருமா என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதானே.

‘புறா சாப்பிட்டது’ என்று எழுதினேன்.