வேலை நின்ற நாட்கள்

இரண்டு பேருக்கும் ஒரே நோய். கல்யாணமான மூன்றாம் வருடம் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு அவளுக்கும் வந்தது. நல்ல ஜோடிப் பொருத்தம்தான் போ என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள்.

அவருக்கு இரைத்தால் வீடே ஸ்தம்பித்துவிடும். காகிதக் கிடங்கில் மேற்பார்வையாளர். லீவு சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்துகொள்வார். ஒரு பிள்ளை வெந்நீருக்கு ஓடும், இன்னொன்று ஜன்னலைச் சாத்தும். அவளுக்கு இரைத்தால் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கொஞ்சம் அடங்கியதும் கரண்டியை எடுப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ யோசனையில் நிற்கிற மாதிரி இருக்கும்.

மருத்துவமனைக்குப் புது ஊசி வந்திருந்தது. மாதம் ஒன்று, ஆறு மாதத்துக்கு இலவசம். ஒரே ஓர் இடம்தான் பாக்கி. முந்தின வாரம் குழாயில் ஊதிப் பார்த்ததில் இரண்டு பேர் மூச்சும் ஏறக்குறைய ஒரே அளவு. நோய் யாரை அதிகம் முடக்கிப் போட்டிருக்கிறதோ அவருக்குத்தான் ஊசி, அதைக் கேள்வித்தாள் சொல்லிவிடும் என்றார் டாக்டர்.

அவளுக்கு அந்த ஊசி வேண்டும். தனக்கென்று எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள், இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். துணி காயப்போட மொட்டைமாடிவரை மூன்று மாடியையும் உட்காராமல் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இது என்ன பேராசையா?

போன மாதம் இரைப்பால் வேலை நின்ற நாட்கள் எத்தனை என்று நர்ஸ் வாசித்தாள். அவர் சட்டென்று ஒன்பது என்றார். மேற்பார்வையாளர் அல்லவா, எல்லாம் விரல் நுனியில் இருந்தது.

"உங்களுக்கு, அக்கா?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். சமையல் ஒரு நாளும் நிற்கவில்லை. படுத்த படுக்கையான மாமியாருக்குத் துணி மாற்றுவது நிற்கவில்லை. ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடி ஏறும்போது நாலு தடவை உட்கார வேண்டியிருந்தது, ஆனாலும் துணி காய்ந்ததே.

"எதுவும் நிக்கலம்மா. நான் வீட்ல சும்மாதானே இருக்கேன்."

நர்ஸ் பூஜ்யம் போட்டாள். அடி பைத்தியக்காரி, நிற்கவில்லை என்றா சொல்வாய்? நிறுத்த விடவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா என்பது அடுத்த கேள்வி. இருமினால் அவளுக்குச் சிறுநீர் கசிகிறது. துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் வாசலையே தாண்டுகிறாள். தங்கை வீட்டுப் பக்கம் போய் இரண்டு வருடமாகிறது. பக்கத்தில் புருஷன், பின்னால் திறந்த கதவு, அதற்கு வெளியே ஒரு வரிசை ஆட்கள். இல்லை என்று சொல்லிவிட்டாள்.

இடம் அவருக்குக் கிடைத்தது. இனி தூசியோ புகையோ நோயாளி பக்கமே வரக்கூடாது, போர்வையைத் தினமும் உதறி வெயிலில் போட வேண்டும் என்றார் டாக்டர். யார் உதறுவது என்று டாக்டரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கடைசி அறையில் ஒரு குமாஸ்தா இருந்தார். ஊசி போடுகிற அன்று முழுக்க நோயாளியோடு ஓர் ஆள் இருக்க வேண்டுமாம். அந்த ஆள் இன்றைக்கே கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடுமாம். தாளிலிருந்து நிமிராமலே அவளிடம் கேட்டார்.

"துணைக்கு வர்றவங்க ஆரோக்கியமா இருக்கணும். உங்களுக்கு மூச்சுக் கோளாறு ஒண்ணும் இல்லையே?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மகராசன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார்.

மாட்டேன் என்றால் அவருக்கும் இல்லாமல் போகும். அந்தப் பழியையும் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

"ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் இருமல் தொண்டை வரை வந்துவிட்டது. குமாஸ்தா முத்திரை குத்தி முடிக்கிறவரை அதை விழுங்கிக்கொண்டு நின்றாள்.