அந்தப் போட்டோவில் இருப்பவள்

"போட்டோவைப் பாத்துட்டுத்தான் சொன்னேன் அண்ணி. இப்படி ஒரு ஆளு எங்க வீட்ல கிடையாதுன்னேன். போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

அந்த வீட்டு மூத்த மருமகளின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது. சக்கர நாற்காலியில் இருந்த கிழவி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாட்டு நேரம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் அவள். கடல் தாண்டி வந்து அவள் பார்க்கும் வேலை அதுதான். பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறதென்று புதுப்பிக்க எழுதிப் போட்டிருந்தாள். ஊரில் இருக்கும் புகுந்த வீட்டு முகவரிக்குப் போலீஸ் விசாரணை போனது. கதவைத் திறந்தவன் கொழுந்தன்.

"என்ன தம்பி இப்படிச் சொல்லிட்டீங்க? அது நான்தானே?"

"முடியைக் கத்தரிச்சுக்கிட்டு, சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு... அண்ணனைப் பறிகொடுத்தவ மூஞ்சியா அது? அந்தாளு முன்னாடி எனக்கு மானம் போச்சு."

கிழவி முடியைப் பிடித்து இழுக்கிறாளே என்றுதான் முதலில் அவள் கத்தரித்தாள். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தபோது, பொய் சொல்வானேன், பிடித்துப்போனது. போட்டோவில் அவள் சிரிக்கக்கூட இல்லை. வாயை மூடித்தான் வைத்திருந்தாள். முகத்தில் துக்கம் இல்லை, குற்றம் அவ்வளவுதான். விதவைக்கென்று இந்த ஊர் உலகம் ஒரு சீருடை தைத்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் வருஷக்கணக்காக அவள் கையால் சாப்பிட்டவனுக்கே ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

"வெள்ளைச் சேலை கட்டி, தலையை மூடி அடக்கமா ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. 'இதுதான் எங்க அண்ணி'ன்னு நானே சொல்றேன். இல்லாட்டி கெளம்பி வந்துடுங்க. உங்க ரூம் அப்படியேதான் கெடக்கு."

அந்த அறை! கணவன் செத்த பிறகு அவளுக்கென்று ஒதுக்கிய, சமையலறைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில்லாத அறை. நல்ல காரியம் பேச யாராவது வந்தால், "அண்ணி, கொஞ்சம் உள்ள இருங்க" என்பான் கொழுந்தன். அவள் உள்ளேயே இருப்பாள். தாகம் எடுத்தால் அவன் பெண்டாட்டி, ஓரகத்திதான் சொம்பைக் கதவிடுக்கில் நீட்டுவாள். பாஸ்போர்ட் இல்லையென்றால் வேலை அனுமதி இல்லை, வேலை அனுமதி இல்லையென்றால் மறுபடியும் அந்த அறைதான்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"வெளிநாட்டுல இருக்கறவங்க வீட்ல இல்லைன்னு எழுதறது சகஜம்தாம்மா. அதைச் சரி பண்ணிடலாம். இங்க வேலை பாக்கற அத்தாட்சி வச்சு, மறு விசாரணை வேணும்னு எழுதிக் குடுங்க. ஆனா உங்களுக்கு 'வீட்டாருக்கே தெரியாதவர்'னு வந்திருக்கே! வீட்ல யாராவது உங்களைத் தெரியும்னு சொன்னாத்தான் ஆகும்."

"வேற போட்டோ குடுக்கலாமா?"

"குடுக்கலாம். ஆனா மூஞ்சி நல்லாத் தெரியணும். இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படி இருக்கணும்."

தெருமுனையில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அவள் ஒன்றும் வீராங்கனை இல்லை, போய் உட்கார்ந்துவிட்டாள். பையில் கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியைத் தோளில் சுற்றி, முகம் மட்டும் தெரியத் தலையில் போட்டுக்கொண்டாள். போட்டோக்காரன் எடுத்து, கேமராவைத் திருப்பிக் காட்டினான். அந்தச் சின்னத் திரையில் பின்னறைக்காரி உட்கார்ந்திருந்தாள். அதே குனிந்த கண், அதே இறுகிய வாய். ஒரு துணியை எடுத்துத் தலையில் போட்டதும் எத்தனை சீக்கிரம் வந்துவிட்டாள்! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இதை அழிச்சிடுங்க. நான் இப்ப இப்படி இல்ல."

பழைய போட்டோவோடுதான் மறு விசாரணைக்கு எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்தாளே தவிர, சோறு இறங்கவில்லை. வாசலில் மணி அடித்தால்கூடத் திருப்பி அனுப்பத்தான் ஆள் வந்துவிட்டதோ என்று திடுக்கிட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம், கிழவியின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஓரகத்தி. அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"அக்கா, போலீஸ்காரர் மறுபடியும் வந்தாரு. உங்க கொழுந்தனார் கடையில இருந்தாரு. நான்தான் கதவைத் திறந்தேன். போட்டோவைக் காட்டினாரு. 'எங்க அக்காதான், வெளிநாட்டுல வேலையா இருக்காங்க'ன்னேன்."

மூத்தவள் விரிப்போடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டு ஆம்பளை சொன்னாத்தான் எழுதுவேன்னாரு. 'போட்டோல இருக்கறது பொம்பளை. பொம்பளையத் தெரியும்னு பொம்பளை சொன்னா ஆகாதா சார்?'னு கேட்டேன். எனக்கே எப்படி வந்துச்சுன்னு தெரியல. எதிர்வீட்டு டீச்சரும் எட்டிப் பாத்துட்டு, 'ஆமா, அவங்கதான்'னுட்டாங்க. எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு."

மூத்தவள் சந்தோஷத்தில் விரிப்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்தக் குரல் காதில் உறைத்தது. சொற்கள் குழறி, வாயோரம் இடித்துக்கொண்டு வந்தன.

"ஏன்டி பேச்சு ஒரு மாதிரி இருக்கு?"

"பல்லு வலிக்குதுக்கா."

"என்கிட்டயேவா? கை வச்சானா?"

அவள் அழவில்லை என்பது மட்டும் மூச்சில் தெரிந்தது. ஒரு வரிக் கையெழுத்துக்கு இந்த விலை. இதை எந்தப் போலீஸ்காரனும் விசாரிக்க வரப்போவதில்லை.

"அக்கா, பாஸ்போர்ட்டுக்கு எங்க எழுதிப் போடணும்?" திடீரென்று கேட்டாள் இளையவள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஆனா விசாரிக்க வந்தா, என்னையும் தெரியாதுன்னுதானே சொல்லுவாரு?"

"சொல்லட்டும். புது பாஸ்போர்ட் என் கைக்கு வந்திடும் இல்ல? உன்னை விசாரிக்க வர்ற அன்னைக்கு நான் வந்து நிக்கிறேன்டி. கதவை நான் திறக்கிறேன். நீ இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வை."

இளையவள் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், 'ஸ்' என்று ஒரு சத்தம் போனில் கேட்டது.

"இன்னைக்கு வேணாம்க்கா. வீக்கம் வத்தட்டும். இப்ப எடுத்தா, நெசமாவே நான் யாருன்னு யாருக்கும் தெரியாது."