வெர்னா பார்த்த ரோஜாக் கழுத்து

சொனோய்டா ஓடைக்குப் பறவை பார்க்கப் போகும் கூட்டத்தில் வெர்னாவுக்கு இருபது வருஷப் பழக்கம். டார்லா நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான். ஆனாலும் சனிக்கிழமையானால் எல்லோரும் டார்லாவின் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தார்கள். "டார்லா, அது என்ன குரல்?" "டார்லா, இந்த வாலக் கொஞ்சம் பாரேன்." கேட்கக் கேட்க வெர்னாவுக்கு வயிறு எரிந்தது.

அன்று அவர்கள் தேடி வந்தது பெக்கார்ட். மெக்ஸிகோவிலிருந்து எப்போதாவது எல்லை தாண்டி வரும் சாம்பல் குருவி. ஆணுக்குத் தொண்டையில் ரோஜா நிறத் திட்டு. அதைப் பார்த்ததாக அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

"வெர்னா, நீ இந்தக் காட்டன்வுட் மரத்துக்கிட்டயே நில்லு. நாங்க அக்கரைய ஒரு சுத்து பாத்துட்டு வர்றோம்" என்றாள் டார்லா.

முழங்கால் வலிக்காரி என்று ஓரங்கட்டுகிறாள் பார், என்று கறுவிக்கொண்டே நின்றாள் வெர்னா. அப்போதுதான் தலைக்கு மேலிருந்த கிளையில் வந்து உட்கார்ந்தது அது. ரோஜாக் கழுத்தேதான்.

பார்த்தவர் உடனே மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். அதுதான் கூட்டத்தின் கட்டுப்பாடு. வாயைத் திறந்தாள். அக்கரையில் டார்லா ஏதோ சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டாள். டார்லாவுக்கு இது கிடைக்கவே கூடாது. அது பறந்து போகட்டும். மதியம் வண்டியருகே உட்கார்ந்து சாப்பிடக் கொண்டுவந்த பர்ரிட்டோவைப் பிரிக்கும்போது, 'நான் பாத்தேனே' என்று நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மதியம் அவள் ஆரம்பிப்பதற்குள் டார்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியா?" என்றாள் ரகசியமாக.

"எத?"

"பெக்கார்டத்தான். விடியக்காலைலயே வந்து பாத்துட்டேன், அந்த மரத்துலதான் கூடு கட்டுது. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. இருபது வருஷமா வர்றவ, நீ கண்டுபிடிச்சதா இருக்கட்டுமேன்னுதான் உன்ன அங்க நிறுத்துனேன். நீ எப்ப கூப்பிடுவியோன்னு காதத் தீட்டிக்கிட்டே இருந்தேன்."

பார்த்தேன் என்றால், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாள்.

"இல்லையே, ஒண்ணும் வரல" என்றாள் வெர்னா.

"அடப் பாவமே. சரி, எந்திரி."

எல்லோரும் போனார்கள். அதே மரம், அதே கிளை, அதே ரோஜாக் கழுத்து. ஆளுக்கு ஆள் டார்லாவின் தோளைத் தட்டினார்கள். இனி அது டார்லா கண்டுபிடித்த பெக்கார்ட். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வெர்னா நின்றாள்.

"மொதல்ல வெர்னா பாக்கட்டும், வழி விடுங்கப்பா" என்று தொலைநோக்கியைத் திருப்பி வைத்தாள் டார்லா.

வெர்னா குனிந்து பார்த்தாள். "அடேயப்பா, என்ன அழகு" என்றாள், அதுவரை அதைப் பார்த்தே இராதவள் போல.