கேட்கத் தயங்கிய கேள்வி

வகுப்பில் எல்லோரும் அவளை ஹலோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மனநல ஆலோசகர் ஆவதற்கான முதுகலைப் படிப்பில் சேரும்வரை ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பேசியே பிழைத்தவள். அந்த வேலையில் மறுமுனை அமைதியானால் மேலாளருக்குப் பொறுக்காது. எதையாவது சொல்லி நிரப்பியாக வேண்டும். அந்தப் பழக்கம் அவளோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. வந்து சேர்ந்த இடத்திலோ வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குத்தான் மதிப்பெண். தலை நரைக்கிற வயதில் இந்த வேண்டாத வேலை தேவைதானா என்று தினமும் பேருந்தில் தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். ஆனால் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் ஒழுங்காக இறங்கிவிடுவாள்.

இரண்டாம் ஆண்டில் நிஜ மனிதர்களோடு உட்கார வேண்டும். அதற்கென்று துறை நடத்தும் ஆலோசனை மையத்தில் ஓர் அறை இருந்தது. மூன்று நாற்காலிகள், தாழ்ந்த மேசை, சுவரில் பெரிய கண்ணாடி. அறைக்குள் இருப்பவருக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி, பக்கத்து அறையின் இருட்டில் இருப்பவர்களுக்கு ஜன்னல். அங்கே மேற்பார்வையாளரும் சக மாணவர்களும் உட்கார்ந்து கவனிப்பார்கள். வருகிறவர்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். தேவைப்பட்டால் கதவைத் தட்டி ஆலோசகரை வெளியே கூப்பிட்டுப் பேசித் திருப்பி அனுப்புவதும் அங்கே நடைமுறை. மேற்பார்வையாளர் ஹலோ அக்காவைவிட வயதில் சின்னவர். அவரை மேடம் என்று கூப்பிட ஆரம்பத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. அவர் வேலையைப் பார்த்த பிறகு தானாக வந்தது.

அவளிடம் வந்தவர் ஒரு கொத்தனார். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார், சாரத்திலிருந்து விழுந்ததில் வலது கை சரியாக மடங்குவதில்லை, தூக்கமும் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள்தான் விடாப்பிடியாகக் கூட்டிவந்திருந்தாள். முதல் இரண்டு முறையும் அவர் மழையைப் பற்றியும் சிமெண்டு விலையைப் பற்றியும் பேசினார். நம்ம அக்காவுக்குச் சொல்லவா வேண்டும்? இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊரிலுள்ள விரிசல் விட்ட சுவர்களையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். அவருடைய மனசுப் பக்கம் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது முறை வந்தபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். ஹலோ அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கைராசியை நினைத்துத் தனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள். அவர் சிரித்தபடியே இன்னும் சொன்னார். சுவர் பூசும் தன் கரண்டியையும் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் தன்னோடு வேலை செய்தவனுக்குக் கொடுத்துவிட்டாராம். பூனையை மகள் வீட்டில் விட்டாயிற்றாம். மனசில் பாரமே இல்லையாம்.

"ரொம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றாள் அவள்.

சொல்லி வாய் மூடுவதற்குள் வகுப்பில் படித்தது அவளுக்கு உறைத்தது. உயிராக வைத்திருந்த பொருள்களை ஒருவர் கொடுத்துவிட்டுத் திடீரென்று அமைதியாகிவிட்டால் சந்தோஷப்படக் கூடாது, கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல், அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும். சக மாணவர்களை எதிரில் உட்காரவைத்து அவள் அதை எத்தனையோ தடவை கேட்டுப் பழகியிருக்கிறாள். அங்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடுதான். இப்போது நிஜ மனிதர், அப்பா வயது, எதிரில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அப்புறம், தப்பா எதுவும் யோசிக்கலையே ஐயா?"

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"அதானே" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லுக்காகத் தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. 'இல்லை' என்பதைத் தானே ஊட்டிவிட்டு, அவர் விழுங்கியதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். கதவு தட்டப்பட்டது.

வெளியே மேடம் நின்றிருந்தார். பின்னால் மாணவர்கள் நின்றார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும். உள்ளே இருப்பவர் இந்தக் கதவைத் தாண்டிப் போனால் திரும்ப வருவாரா என்பதுதான் அங்கே எல்லோர் மனதிலும் ஓடியது.

"நீங்களே போயிடுங்க மேடம்" என்று கெஞ்சினாள். "நான் வெளிப்படையாக் கேக்கப் போய், இல்லாத நினைப்பை நானே அவர் தலையில போட்டுட்டேன்னா?"

"கேக்கறதால அந்த நினைப்பு வராது. ஏற்கனவே இருந்தா, அதைச் சொல்ல ஒரு இடம் கிடைக்கும்" என்றார் மேடம். "கரண்டியைக் குடுத்ததை அவர் உங்ககிட்டதான் சொன்னாரு. நீங்க கேளுங்க. நான் வாசல்லயே நிக்கறேன்."

கதவுப் பிடியில் இருந்த மேடத்தின் விரல்களும் லேசாக நடுங்கின. அதைப் பார்த்த பிறகுதான் ஹலோ அக்காவின் கால் நகர்ந்தது. பயம் போனபிறகு கேட்கலாம் என்று இருந்தால் இந்த வேலையில் ஒருத்தராலும் கேட்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தாள். நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, கொஞ்சம் முன்னாடி நான் சரியாக் கேக்கல. பயந்துகிட்டே கேட்டேன். இப்ப நேராக் கேக்கறேன். தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?"

அந்தச் சொல் அறைக்குள் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது, தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் தொண்டை வரைக்கும் சொற்கள் வந்து முட்டின. மன்னிச்சுக்குங்க, சும்மாதான் கேட்டேன், எல்லாரையும் இப்படிக் கேக்கறதுதான் என்று பழைய வேலையின் சமாதானங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினாள். அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்தச் சிரிப்பு மெதுவாக இறங்கியது. நாள் முழுக்கச் சுமை தூக்கியவன் வீட்டுக்கு வந்து இறக்கிவைப்பதுபோல் அவர் அதை இறக்கிவைத்தார். அதற்குக் கீழே இருந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. வயதான, களைத்த, ஒளிவு மறைவில்லாத முகம்.

"ஆமா" என்றார்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் அல்ல. எத்தனை நாள் பூட்டி வைத்தாரோ, மகளிடம்கூடக் காட்டாததை, எங்கிருந்தோ வந்த தன் கையில் இப்படி எடுத்துக் கொடுக்கிறாரே என்ற பிரமிப்பில். கோயிலில்கூட அவள் இப்படி நின்றதில்லை.

பிறகு அவர் பேசினார். மடங்காத கையைப் பற்றி, விடிந்தால் எதற்காக எழுந்திருப்பது என்று தெரியாத காலைகளைப் பற்றி, முடிவெடுத்த பிறகு வந்த தூக்கத்தைப் பற்றி. அவள் குறுக்கே பேசவில்லை. கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"மக தினம் போன்ல கேப்பா, நல்லா இருக்கியாப்பான்னு. அதுக்கு நல்லா இருக்கேன்னுதானேம்மா சொல்ல முடியும்? இதை யாரும் கேக்கலையே" என்றார் அவர்.

மேடம் உள்ளே வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கொத்தனாரையும் சேர்த்துக்கொண்டே எல்லாம் முடிவாயிற்று. இன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பது, வீட்டிலிருந்து எதை அப்புறப்படுத்துவது, அந்த நினைப்பு எழும்போது யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தார் மேடம். வெளியே காத்திருக்கும் மகளிடம் நாங்கள் சொல்லட்டுமா என்றும் கேட்டார். கொத்தனார் வாசல் பக்கம் பார்த்தார்.

"நானே சொல்றேன்" என்றார். ஹலோ அக்காவைப் பார்த்து, "நீங்க பக்கத்துல இருங்கம்மா. பேச வேண்டாம், இருந்தாப் போதும்."

அவளிடம் போய்ப் பேச வேண்டாம் என்று ஒருத்தர் நம்பிக் கேட்டது அதுவே முதல் தடவை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மகள் தோளில் பையோடு அவசரமாக உள்ளே வந்தாள். அறையில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கொத்தனார் எதற்கோ எழுந்து நின்றார். மனைவியைப் புதைத்த அன்றுகூட ஒருவர் தோளிலும் சாயாத மனிதர் என்று அந்த மகளே முதல் முறை வந்தபோது சொல்லியிருந்தாள். அவர் தன் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் சாகலாம்னு இருந்தேன் கண்ணு" என்றார். "இன்னிக்கு என்னைத் தனியா விடாத."

பை கீழே விழுந்தது. மகள் அருகில் வந்து, மடங்காத அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.