நரேன் வளர்த்த சிலந்தி

“அம்மா, அது நம்மள என்ன பண்ணித்து?”

நரேன் ஏழு வயதில் கேட்டது. பூஜை அலமாரிக்குப் பின்னால் இருந்த சிலந்தியை விசாலாக்ஷி அப்போதுதான் துடைப்பத்தால் அடித்திருந்தாள். “அப்புறம் சொல்றேன், ஸ்கூலுக்கு நாழியாச்சு” என்றாள். பிறகு சொல்லவே இல்லை.

இருபது வருடம் கழித்து நொய்டாவில் லாரி மோதி நரேன் இறந்துபோனான். மூன்றாம் நாள், அவனோடு வேலை பார்த்த ஸ்நேஹா, தில்லி கிட்வாய் நகரில் அவன் பெற்றோர் வீட்டுக்கு ஓர் உயரமான கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே நிறுத்திவைத்த மரப்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. கறுப்பு ரோமம், கால் நுனிகள் மட்டும் மருதாணி இட்டதுபோல் சிவப்பு.

“டரான்டுலா, ஆன்ட்டி. மரத்துல இருக்கற வகை. நரேன் பிங்கின்னு கூப்பிடுவான். நீங்க வெச்சுக்கணும்னா அச்சா, இல்லேன்னா நான் பாத்துக்கறேன். பதினாலாம் நாள் வரேன், சொல்லுங்க.”

கவனிக்க வேண்டியதை ஒரு தாளில் எழுதியிருந்தாள். தினம் கண்ணாடியில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரம் ஒரு பூச்சி, உயிரோடு. கொசு மருந்தும் கொசுவத்தியும் கூடவே கூடாது.

விசாலாக்ஷியின் கணவர் பட்டாபி தாளை இரண்டு முறை படித்தார்.

“நம்மாத்துல உயிரோட பூச்சிய யாரு போடுவா?”

“நான் போடறேன்.”

“எறும்பு மேல கால் பட்டா கன்னத்துல போட்டுக்கறவ நீ.”

“அவன் கையால சாப்பிட்டது இது. நான் குடுக்க மாட்டேன்.”

பட்டாபி வீட்டிலிருந்த கொசுவத்திகளை எல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டார். பெட்டியை நரேனின் பழைய அறையில் வைத்தார்கள். விசாலாக்ஷி தினமும் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்துகொள்வாள். ஏன் ஹெல்மெட் போட்டுக்கலே என்று அதனிடம் கேட்பாள்.

பதிமூன்றாம் நாள் சுபச் சடங்கு முடிந்து சாஸ்திரிகள் போனபின், தூபக்காலில் தணல் எடுத்துச் சாம்பிராணி போட்டாள். கொசுவத்திதானே கூடாது, இது பெருமாளுக்குக் காட்டுவது. இதுவும் புகைதான் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அறை அறையாகக் காட்டினாள். நரேன் அறையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

மாலையில் பார்த்தபோது சிலந்தி பட்டையில் இல்லை. பெட்டியின் அடியில், கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது.

ஸ்நேஹாவுக்குப் போன் செய்தார்கள். “பால்கனிக்குக் கொண்டு போங்க அங்கிள். ஜல்தி.”

பட்டாபி செய்தித்தாளை மடித்து விசிறினார். விசாலாக்ஷி பெருமாளைக் கூப்பிட்டபடியே நின்றாள். தில்லிக் காற்றிலும் பகவான் அன்று கொஞ்சம் உயிர் வைத்திருந்தான். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கால் அசைந்தது. பிறகு மற்றொன்று.

“சாம்பிராணிய நிறுத்திடலாம், விசாலம். பூச்சிய நானே போடறேன். வெச்சுக்கோ” என்றார் பட்டாபி.

“ஏன்னா, இத்தனை நாளா நான் இதப் பாக்கவே இல்ல. நரேனத்தான் பாத்துண்டிருந்தேன். இதப் பாத்திருந்தா, புகையில தவிச்சது கண்ணுல பட்டிருக்கும்.” புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். “இனிமேலும் அவனத்தான் பாப்பேன். வேண்டாம். அந்தப் பொண்ணே வளக்கட்டும்.”

மறுநாள் ஸ்நேஹா ஆட்டோவில் ஏறியதும், விசாலாக்ஷி பெட்டியை அவள் மடியில் வைத்தாள். ஓட்டுநரிடம், “பையா, தீரே சலானா” என்று மெதுவாக ஓட்டச் சொன்னாள். வண்டி தெருமுனையில் திரும்பிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டாபி துணைக்குப் போயிருந்தார்.

வீட்டில் வேறு யாருமில்லை. பெருக்குவதற்காகப் பூஜை அலமாரியை நகர்த்தினாள். பின்னால் சுவரோரம் சின்னதாக ஒரு வலை. நடுவில் மிளகளவு சிலந்தி. துடைப்பம் கையில்தான் இருந்தது.

அதைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணும் பண்ணலடா, கண்ணா. அது நம்மள ஒண்ணுமே பண்ணல.”

வலை அறுந்துவிடாமல் அலமாரியை மெல்லத் தள்ளினாள். பிறகு தூபக்காலை எடுத்துக்கொண்டு போய்ப் பால்கனியில் வைத்தாள்.