பொத்தானுக்கும் தாவலுக்கும் நடுவே

மிரான் அந்த ஒரு விமர்சனத்தை மட்டும் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தம்பி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். ஆனால் போனின் திரை அவன் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

"'இவ்வளவு அழகான மழையை எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை,'" என்று வாசித்தாள். "'சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளை வைத்தே ஒரு ஊரை நனைத்திருக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது.' ஒன்பதுடா இன்ஹோ."

மூச்சுக் கருவியின் மாஸ்க்குக்குள் அவன் உதடு அசைந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"வேற?"

வேறும் இருந்தன. 'மழைக்கூரை' என்ற அந்த வீடியோ விளையாட்டு அன்று காலைதான் வெளியாகியிருந்தது. புத்தகப் பையை மாட்டிய ஒரு பள்ளிக்கூடப் பெண், அடைமழையில் கூரை கூரையாகத் தாவி வீட்டைத் தேடிப் போகிறாள். அவ்வளவுதான் கதை. இன்ஹோவும் அவன் கூட்டாளி கிதேயும் இஞ்சோன் நகரில் ஒரு சலவைக் கடையின் மாடியறையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் அதைச் செய்தார்கள். பாதி வேலையில் இன்ஹோவின் கால்கள் சொன்னபடி கேட்காமல் போயின. பிறகு விரல்கள். இப்போது மூச்சும்.

இன்னும் இரண்டை வாசித்தாள். பின்னணி இசையைப் பாராட்டியவர் ஒருவர். ஓடுகளில் வழியும் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு விளையாடவே மறந்துபோனதாகச் சொன்னவர் இன்னொருவர். கீழே, துணைக்கு இருப்பவர்களுக்கான தாழ்வான கட்டிலில் அம்மா சுவரைப் பார்த்துச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பெக் தோன்சூ... எழுதலையா?"

பெக் தோன்சூ யாரையும் லேசில் பாராட்டாதவர். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே இன்ஹோ அவர் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பான். அவர் திட்டிய விளையாட்டைத் தேடிப்பிடித்து ஆடி, திட்டு சரிதானா என்று பார்ப்பான். வந்த விமர்சனங்களில் முதலாவதே அவருடையதுதான். லிஃப்டுக்குள்ளேயே மிரான் படித்துவிட்டாள். 'மழையின் பாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது கூரையில் புரிந்தது. பொத்தானை அழுத்துவதற்கும் அந்தப் பெண் தாவுவதற்கும் நடுவே ஒரு குட்டித் தூக்கம் இருக்கிறது. கண்ணுக்கு இவ்வளவு செய்தவர்கள் விளையாடுகிறவனின் கையை மறந்துவிட்டார்கள். பத்துக்கு ஐந்து.'

"இன்னும் வரல," என்றாள்.

இன்ஹோ அவள் முகத்தையே பார்த்தான். திருப்ப முடிந்தது கண்களை மட்டும்தான் என்பதால், அவன் எதைப் பார்த்தாலும் நெடுநேரம் பார்ப்பான். அவளுக்குக் காது சுட்டது.

"சரி," என்றான். கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, "நல்லா வாசிக்கிறக்கா."

மத்தியானம் தூங்கிப் போனான். கஞ்சி வந்தது, ஆறியது. கருவியின் சத்தம் மாறியதை அம்மாதான் முதலில் கவனித்தாள். நர்ஸ் ஓடினாள், டாக்டர் வந்தார், திரையை இழுத்து மூடி இவர்களை வெளியே நிறுத்தினார்கள். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது அறை சத்தமில்லாமல் இருந்தது. அம்மா போர்வையை விலக்கி அவன் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஜில்லுனு இருக்கு, சாக்ஸ் எங்க?" என்று மிரானைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே துக்க மண்டபம். அப்பா இல்லாததால் மிரான்தான் கறுப்பு உடையும் தலையில் வெள்ளை ரிப்பனுமாக மறுநாள் முழுவதும் அவன் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வருகிறவர்கள் வெள்ளைச் சாமந்தியை வைத்து, படத்துக்கு இரண்டு முறை விழுந்து வணங்கி, இவளுக்கு ஒரு முறை வணங்குவார்கள். இவளும் நெற்றி தரையில் பட வணங்குவாள். பிறகு அவர்கள் அடுத்த கூடத்துக்குப் போய்க் காரமான மாட்டுக்கறிச் சூப்பின் முன் உட்காருவார்கள்.

இடைவெளியில் கழிப்பறைக்குள் நின்று போனைப் பார்த்தாள். பெக்கின் பேச்சு ஊர்ப் பேச்சாகியிருந்தது. 'பெக் சொன்னது சரிதான், தாவல் தூங்குகிறது.' 'செய்தவர்கள் இதை ஒரு தடவையாவது விளையாடிப் பார்த்தார்களா?' பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இன்னொன்று சேர்ந்தது. 'சோம்பேறிகள்.'

அவள் திரும்பி வந்தபோது, கூடத்தின் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கிதே மடியில் லேப்டாப்பை வைத்து எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறான். முன்னால் வைத்த சூப்பில் எண்ணெய் உறைந்து கிடந்தது.

சோஜு குடித்துக்கொண்டிருந்த பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "கூட்டாளியாம். பொட்டிய மூடி வெச்சிட்டு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா என்ன, சார்ஜ் போயிடுமா?"

மிரான் நேராகப் போய் கிதேயின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்ன எழுதிட்டிருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"செத்துட்டான்னு போடப் போறியா? அஞ்சு போட்டவன் பாவப்பட்டு எட்டு போடுவான்னா? வியாதியப் பத்தி ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாதுன்னு உன்கிட்டயும்தான சொன்னான்?"

கிதே லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். எழுத்து எதுவும் இல்லை. மழைக்கு நடுவே கூரையின் விளிம்பில் அந்தக் குட்டிப் பெண் நின்றிருந்தாள். ஓரத்தில் ஏதோ எண்கள்.

"தாவல சரி பண்றேன்."

"இங்க உக்காந்தா?"

"நாளைக்கு அவன எடுக்கறதுக்குள்ள சரி பண்ணது வெளிய போயிடணும். அவன்தான் பண்ணச் சொன்னான்."

"எப்ப சொன்னான்?"

"நேத்துக் காலைல. நீங்க குளிக்க வீட்டுக்குப் போயிருந்தீங்க. பெக் எழுதினத என்னை வாசிக்கச் சொன்னான். முழுசா வாசிச்சேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்."

மிரான் தரையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்ன சொன்னான்?"

"'கண்டுபிடிச்சிட்டான் பார்த்தியா'ன்னு சிரிச்சான். சிரிச்சு மூச்சு முட்டிடுச்சு. அப்புறம் என்னைத் திட்டினான்." கிதே கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "விரல் போக ஆரம்பிச்சதுலேருந்து தாவல மெதுவாக்கிட்டே வந்தான்க்கா. நனைஞ்ச புள்ள அப்படித்தான் தாவும்னுவான். அது மழையில்ல, அவன் விரலுன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் கேப்பான், சரியா இருக்கான்னு. சரியா இருக்குடான்னுதான் சொன்னேன். என்னன்னு சொல்றது?"

இன்ஹோ அவளையும் கேட்டிருக்கிறான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அவள் விளையாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டில் மூன்று முறை கூரையிலிருந்து விழுந்துவிட்டு, அருமையா இருக்கு என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துகொண்டாள்.

"நீங்க வந்து வாசிப்பீங்கன்னான்," என்றான் கிதே. "பெக்க விட்டுட்டு வாசிப்பீங்கன்னும் சொன்னான்."

சமையல்கட்டில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். மிரான் தலை ரிப்பனைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"குடு," என்றாள்.

பெரியப்பா எழுந்தே வந்துவிட்டார். "சாவு வீட்டுல விளையாட்டாம்மா? வர்றவங்க பாக்கறாங்க."

"விளையாட்டு இல்ல பெரியப்பா. இன்ஹோவோட வேலை பாக்கி இருக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சாப்பாட்டு மேசைக்கே திரும்பிப் போனார்.

மிரான் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பெண் தாவி எதிர்க் கூரையில் இறங்கினாள். ஓட்டின் மேல் நீர் தெறித்தது. இன்னொரு முறை. மூன்றாவது கூரையின் இடைவெளியில் விழுந்தாள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். கிதே திரையைப் பார்க்கவில்லை. அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. இரவு தூங்கியிருக்க மாட்டான்.

"சரியா இருக்காக்கா?"

அவள் இன்னும் ஒரு முறை தாவிப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "இன்னும் பிந்துது."

கிதே தலையாட்டினான். லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இன்ஹோவின் பள்ளிக்கூட வாத்தியார், மழைக்கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி நின்றார். மிரான் எழுந்து படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். வாத்தியார் சாமந்தியை வைத்தார், இரண்டு முறை வணங்கினார், அவள் பக்கம் திரும்பினார். அவளும் மண்டியிட்டுக் குனிந்தாள். பின்னால் விசைகளைத் தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நிற்கும், திரும்பத் தொடங்கும்.

வாத்தியார் எழுந்து நின்று காத்திருந்தார். அவள் நெற்றி இன்னும் தரையில் இருந்தது.