இரண்டு மாயவன்களும் ஒரு பதிவும்

எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு ‘நூலகத் தொழில்நுட்பத் தோழமை’ என்று பெயர். சுற்று வட்டாரக் கல்லூரி நூலகர்கள் எல்லாரும் அதில் இருக்கிறோம். காலையில் ரோஜாப்பூ வரும். அதன் கீழே ஏதாவதொரு கருத்தரங்கு அழைப்பு, அதன் கீழே வரிசையாக ‘வாழ்த்துகள் சார்’. யாராவது உருப்படியாக ஒரு சந்தேகம் கேட்டால் மட்டும் குழு செத்துப்போனது மாதிரி கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் பிறந்தநாள் கேக் படம் போட்டு அதை மேலே தள்ளிவிடுவார். எனக்குப் பார்க்கவே எரிச்சல் வரும். ஆனால் விலக முடியாது. விலகினால் ‘அமிர்தம் மேடத்துக்கு என்ன திமிர்’ என்று கல்லூரி முதல்வர் அறைவரைக்கும் பேச்சு போய்விடும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் ஒரு தனியார் கல்லூரியில் உதவி நூலகராக இருக்கிறேன். எனக்கு மேலே நூலகர் நாராயணசாமி. போகாத கருத்தரங்கு இல்லை. வாங்கிய சான்றிதழையெல்லாம் லேமினேட் செய்து சுவர் முழுக்க மாட்டியிருக்கிறார். அதில் மூன்று மென்பொருள் பயிற்சிக்கானவை. கம்ப்யூட்டரில் ஒரு புத்தகத்தைத் தேடச் சொன்னால் மட்டும், “அமிர்தம், இத கொஞ்சம் பாரு” என்பார்.

எங்கள் நூலகத்தில் பெருமைப்பட ஒன்றுதான் உண்டு. அது புத்தகம் இல்லை, குரல். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கல்வராயன்மலை முழுக்க ஏறி இறங்கினார். சாமை விதைப்பது, தேன் எடுப்பது, பெண் கேட்கப் போவது என்று மலைக்காரர்கள் பேசியதையெல்லாம் பதிவு செய்துவைத்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த கேசட்டுகள் ஒரு பீரோவுக்குள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. நான் வந்துதான் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டு, பேசுகிறவர் யார், எந்த ஊர், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பதிவு போட்டேன்.

மாற்றி முடித்த கையோடு கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வந்தது. நான் இல்லாத நாளில் நாராயணசாமி கேசட்டுகளை நாற்றம் அடிக்கிறது என்று பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார். வந்து பார்த்தால் பீரோவில் பிளாஸ்டிக் பூ இருந்தது. கேட்டதற்கு, “அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியே” என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் தொகுப்பில் இரண்டு மாயவன் இருந்தார்கள். மலையில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு பேரும் ஒரே ஊர், பங்காளிகள், பேசியதும் சாமை விதைப்பைப் பற்றித்தான். ஒருவர் குப்பன் மகன், இன்னொருவர் அம்மாசி மகன். குப்பன் மகன் மாயவன் பதிவு செய்த மறு வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மாசி மகன் இன்னமும் திடமாக இருக்கிறார். அப்பா பெயர் போட மென்பொருளில் தனி இடம் கிடையாது. அதனால் இரண்டு பதிவிலும் அடியில் உள்ள குறிப்புப் பகுதியில் அதை எழுதிவைத்தேன்.

போன வருடம் வெள்ளிமலையில் ஒரு புத்தகக் கண்காட்சி போட்டோம். அங்கேதான் பெருமாயியைப் பார்த்தேன். குப்பன் மகன் மாயவனின் மனைவி. உங்கள் வீட்டுக்காரர் குரல் எங்களிடம் இருக்கிறது அக்கா என்று சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள். என்ன பேசுகிறார், இருமினாரா, சிரித்தாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் போனபோது மகள் பாவாயி கைக்குழந்தை. வருகிற தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

“எம்பொண்ணு அவங்கப்பன் கொரல கேட்டதே இல்லம்மா. கல்யாணம் கட்டிக்கினு போறதுக்குள்ள ஒருவாட்டி அவ காதுல போட்டுடணும்” என்றாள்.

எப்போது வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள் என்று சொன்னேன். என் வேலையில் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று தோன்றியது அன்றைக்குத்தான். வந்து நாராயணசாமியிடமும் அதைச் சொல்லித் தொலைத்தேன்.

மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் கல்லூரியில் ‘தூய தரவு’ என்ற தலைப்பில் தேசியக் கருத்தரங்கு நடத்த ஏற்பாடாகிக்கொண்டிருந்த நேரம். தேசியம் என்றால் உளுந்தூர்பேட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள்தான். அதில் பெருமாயியை மேடையேற்றி, கணவன் குரலை ஒலிக்கவிட்டு, எல்லாரையும் அழவைக்க வேண்டும் என்று திட்டம் போட்டார். கல்லூரி ஜீப்பையே மலைக்கு அனுப்புவதாக முதல்வரிடம் ஒப்புதலும் வாங்கிவிட்டார். நானும் அந்தப் பெண்ணுக்கு நல்லதுதானே என்று பேசாமல் இருந்தேன்.

தரவைத் தூய்மை செய்ய வந்தவன் பச்சமுத்து. சின்னசேலத்துக்காரன், நூலகங்களுக்கு மென்பொருள் விற்கிறவன். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பதிவு இருந்தால் அவனுடைய கருவி கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடும். பெயர், ஊர், பொருள் மூன்றும் ஒத்துப்போனால் போதும். விவரக் கட்டங்கள் அதிகம் நிரம்பியிருக்கிற பதிவை வைத்துக்கொண்டு மற்றதை, அதோடு இணைத்த கோப்பையும் சேர்த்து, அழித்துவிடும். புத்தகத்துக்கு அது சரிதான். குரல் தொகுப்பில் மட்டும் அதை ஓட்டவே கூடாது, அங்கே ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவனிடமும் சொன்னேன், நாராயணசாமியிடமும் சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

போதாக்குறைக்கு நாராயணசாமி வாட்ஸாப் குழுவில் ஆலோசனை கேட்டிருக்கிறார். எந்தச் சந்தேகத்துக்கும் வாய் திறக்காத கும்பல் அன்றைக்குத் திறந்தது. எல்லாவற்றையும் தேர்வு செய்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள் சார், எங்கள் கல்லூரியில் அப்படித்தான் செய்தோம் என்று ஒருவர் எழுத, வரிசையாகக் கட்டைவிரல்கள் எழும்பின. எத்தனை போலிப் பதிவுகளை ஒழித்தோம் என்று மேடையில் சொல்ல எண்ணிக்கை பெரிதாக வேண்டும் அல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் குரல் தொகுப்பையும் சேர்த்து ஓட்டிவிட்டார்கள்.

கருத்தரங்குக்கு முந்தின வாரம் பெருமாயிக்காக அந்தக் குரலை எடுத்துவைக்கப் போனேன். ஒரே ஒரு மாயவன்தான் இருந்தார். குறிப்பில் அம்மாசி மகன் என்று இருந்தது. உயிரோடு இருக்கிறவருக்கு ஃபோன் எண் உண்டு, புகைப்படம் உண்டு, சம்மதக் கையெழுத்து உண்டு. செத்தவருடைய கட்டங்கள் பாதிக்கு மேல் காலி. நிரம்பிய கட்டம் ஜெயித்துவிட்டது. பச்சமுத்துவைக் கூப்பிட்டேன். பேக்கப் சென்னையில் பத்திரமாக இருக்கிறது மேடம், நிகழ்ச்சிக்குள் ஏற்றிவிடலாம் என்றான். தினமும் கூப்பிட்டேன், தினமும் அதையே சொன்னான். பெருமாயியை வர வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அவர்கள் ஊரில் செல்ஃபோனுக்கு டவர் எடுக்காது, அம்மாசி மகனின் எண்ணுக்கும் லைன் போகவில்லை.

கருத்தரங்கு அன்று காலையில் அரங்கத்தின் பின்பக்கம் அவனை மடக்கிப் பிடித்தேன். கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். அப்போதுதான் உண்மையைச் சொன்னான். இங்கே அழித்தால் அங்கேயும் தானாக அழிந்துவிடுகிற மாதிரிதான் அந்த பேக்கப்பை அமைத்திருக்கிறானாம். சொல்லிவிட்டு, “டிஃபன் சாப்டீங்களா மேடம்” என்று கேட்டான்.

நாராயணசாமியிடம் ஓடினேன். மேடையில் அந்த நிகழ்ச்சி வேண்டாம், குரல் போய்விட்டது என்றேன். அவர் கழுத்தில் மாட்டிய அட்டையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

“இன்னொரு மாயவன் இருக்கான் இல்ல?”

“அவரு வேற ஆளு சார்.”

“இன்னாம்மா நீ. மலைக்காரன் பேச்செல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும். புருசன் செத்து இம்மாம் வருசமாச்சி, அதுக்கு மட்டும் ஞாபகம் இருக்கப்போவுதா? அத போடு.”

நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் பச்சமுத்து போடுவான், நீ போய் வரவேற்பு மேஜையில் உட்கார் என்றார். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. பெருமாயியும் பாவாயியும் இறங்கினார்கள். பெருமாயியின் புதுப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் எழுந்து போவதற்குள் நாராயணசாமியே வாசலுக்குப் போய், இரண்டு பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காரவைத்தார். குனிந்து பெருமாயி காதில் என்னவோ சொன்னார். அவள் தலையாட்டினாள். விருந்தினர்கள் அவர்களைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வழி விடுங்கள் என்று நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

கருத்தரங்கு வழக்கம் போலத்தான் நடந்தது. திரையில் இருந்ததைத் திரையைப் பார்த்தே வாசித்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் இலவசப் பையைத் திறந்து உள்ளே பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேராசிரியர் என்னிடம் வந்து, மதியமே கிளம்ப வேண்டும், சான்றிதழை இப்போதே கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். பிரியாணி வாசனை உள்ளே வர வர எல்லாருடைய தலையும் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் பெருமாயியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நூற்றுக்கணக்கான போலிப் பதிவுகளைக் களைந்து தூய்மையான தொகுப்பை உருவாக்கிவிட்டோம், அதன் பயனை இதோ பாருங்கள் என்று நாராயணசாமி பேசினார். பச்சமுத்து ஒலிக்கவிட்டான். அம்மாசி மகன் மாயவனின் கட்டைக் குரல் அரங்கம் முழுக்க ஒலித்தது, முதல் மழைக்கு அப்புறம் கொல்லைக்காட்டை எப்படி உழுவது என்று. பெருமாயி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் ஒரு தடவை என்னைத் தேடியது. நாராயணசாமி மைக்கை அவள் வாயருகில் நீட்டி, இது உங்கள் கணவர் குரல்தானே அம்மா என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றாள் பெருமாயி.

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாராயணசாமி சால்வை போர்த்தினார். என் வாழ்க்கையில் அந்த மாதிரி அருவருப்பை நான் அனுபவித்ததில்லை. அந்தக் கைதட்டல் அடங்குவதற்கு முன்னாலேயே கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துவிட்டது.

அம்மாவும் பெண்ணும் நேராக என்னிடம் வந்தார்கள். அவர்களை நூலகத்துக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். பெருமாயி சால்வையை மடித்து மேஜைமேல் வைத்தாள். அவளே ஆரம்பித்தாள்.

“அது அம்மாசி மவன் கொரலும்மா. காலையில எங்கள ஜீப்புல ஏத்திவுட்டதே அவருதான். நாங்க வந்ததுமே அந்த சாரு காதோட சொல்லிட்டாரு. மேடையில எது போட்டாலும் ஆமான்னு சொல்லும்மா, எங்கூட்டுக்காரர் கொரல அப்பால தனியா உக்காரவச்சி போட்டுக் காட்றேன்னாரு. சொல்லிட்டேன். இப்ப போடும்மா.”

பாவாயி ஒரு நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு நேராக உட்கார்ந்தாள். நன்றாகக் கேட்க வேண்டும் என்று காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

“இல்லக்கா. அழிஞ்சிபோச்சி. திரும்ப வராது” என்றேன்.

பெருமாயி அழவில்லை. என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாரு அழிச்சது?”

மென்பொருள் என்று வாய்வரைக்கும் வந்தது. எங்கள் குழுவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள்தான் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதால் ஒருவரை எடுத்துவிட்டோம் என்றும் சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்குகிற மாதிரிச் சொல்ல அதில் எதுவும் இல்லை. அவள் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மேடையில் ஆமாங்க என்று சொன்ன வாயைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

பாவாயி என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க கேட்டிருக்கீங்க இல்ல மேடம்? எப்டி பேசினாரு, அதயாவது சொல்லுங்க.”

கேட்டிருக்கிறேன். ஹெட்போன் மாட்டி, முழுசாகக் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடி அந்தக் குரலைத் தேடினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எது வேண்டுமோ அதை மட்டும் பொறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஆண் குரல். ஒலித்தரம் நன்று. பொருள், சாமை விதைப்பு. நான் தட்டச்சு செய்தது எல்லாம் வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் வரவில்லை.

“நல்லா, தெளிவா பேசுவாரு” என்றேன். “சாம வெதைக்கறதப் பத்தி பேசினாரு.”

பாவாயி நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள்.

“அப்பால?” என்றாள்.